யாழ்ப்பாடி அசைவூட்டப் படம்: கருத்தோவியம் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கரித்துண்டு (கோப்பாய்):
யாழ்ப்பாடியைப் பற்றி நாங்கள் ஆறு பேர் சேர்ந்து திட்டமிடும் முழுநீள அசைவூட்டப் படத்துக்காக, தங்கச்சி நீலமை சென்ற வாரம் இங்கே ஏற்றிய 18 கருத்தோவியங்களையும் (படத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்க முதலில் வரையும் ஓவியங்கள்) பலமுறை பார்த்தேன். கதையை அறியாதவர்களுக்கு ஒரு வரி: சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வையற்ற பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்து, மணற்றிடல் (இன்றைய யாழ்ப்பாணம்) என்ற நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. ஓவியங்களில் கைத்தேர்ச்சி இருக்கிறது. ஆனால் அவை காட்டும் ஊர் நம் ஊராக இல்லை. அடிவானத்தில் நீல மலைகள் நிற்கின்றன. சோழநாட்டுக் காவிரிப் படுகையிலும் மலை இல்லை, மணற்றிடலிலும் மலை இல்லை. பனைகள் தென்னைகளைப் போல வளைந்து சாய்கின்றன. வேலியில் போகன்விலா பூத்திருக்கிறது, பின்னால் புகையிலைத் தோட்டம் தெரிகிறது. இரண்டுமே தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாகப் பிற்காலத்தில் வந்த செடிகள்.

1988 இல் வெளிவந்த ஜப்பானிய அசைவூட்டப் படமான ‘மை நெய்பர் டொட்டோரோ’வின் சாயல் ஓவியங்களில் தெரிகிறது. அப்படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா வரைந்த பச்சைக்கும் மண்ணுக்கும் அடியில் தொக்கொரோசாவாவும் சயாமாக் குன்றுகளும் இருக்கின்றன. அவர் கண்டடைந்த நிறங்களை எடுத்துக்கொண்டு, அவர் பார்த்ததைப் போல நம் நிலத்தைப் பார்க்காமல் விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? மதிய வேளையில் ஒரு வெண்மணல் ஒழுங்கையில் நின்று பாருங்கள். வெயில் மணலிலும் சுண்ணக்கல் மதிலிலும் பட்டு மேலெழுந்து, எதிரே வருபவரின் நாடிக்குக் கீழேயும் வெளிச்சம் ஏற்றிவிடும். அந்த வெளிச்சம் 18 ஓவியங்களில் ஒன்றிலேனும் இல்லை.

நீலமை (வட்டுக்கோட்டை):
கரித்துண்டு அண்ணா, போகன்விலாவும் புகையிலையும் என் கவனக்குறைவு; இன்றே நீக்கிவிடுகிறேன். மற்றவற்றில் நான் உடன்படவில்லை. கருத்தோவியத்தின் வேலை நிலஅளவைப் படம் வரைவதாக இருக்க முடியாது. ‘பாம்பி’ (1942) படத்துக்காகத் தொடக்கத்தில் வரையப்பட்ட காடுகளில் ஒவ்வோர் இலையும் இருந்தது, அதனாலேயே மான்குட்டி அதற்குள் காணாமற் போனது. அப்போது இடைநிலை அசைவுகளை வரையும் எளிய பணியில் இருந்த டைரஸ் வோங், சீனத்தின் சொங் காலத்து நிலக்காட்சி ஓவியங்களை உள்வாங்கி, ஓரங்களை மங்கவிட்டு நடுவில் மட்டும் துலக்கம் வைத்த சிறு ஓவியங்களைக் கொண்டுவந்து காட்டினார். முழுப் படத்தின் தோற்றமும் அதிலிருந்து பிறந்தது.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் நாயகனுக்குக் கண் தெரியாது. அவன் ஒருநாளும் காணாத மதிய வெயிலை இவ்வளவு துல்லியமாக வரைந்தால், அரசனின் கண்ணால் கதையைச் சொன்னவர்களாகிவிடுவோம். அவனுடைய உலகம் ஓலை உரசும் ஓசையாலும், காலடி மணலின் சூட்டாலும், கிணற்றுத் துலாவின் முனகலாலும் ஆனது. மலையைக்கூட அதற்காகவே வைத்தேன். யாழொலி போய் மோதித் திரும்பும் ஓர் உருவம் அடிவானத்தில் எனக்குத் தேவைப்பட்டது.

துலாமிதி (சாவகச்சேரி):
இருவரும் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ (1959) படத்தில் ஐவிண்ட் ஏர்ல் வரைந்த பின்னணிகள் நெட்டுக்குத்தான கோடுகளும் கூரிய முனைகளும் கொண்டவை. அவற்றுக்கு ஒத்துப்போகும்படி டொம் ஓரெப் பாத்திரங்களையும் கோணங்களாக மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது. அதற்கு மாறாக, ‘அலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ (1951) படத்துக்காக மேரி பிளேர் தட்டையான வண்ணங்களில் வரைந்தவை மிக அழகானவை, எனினும் அசைவுக்காகப் பாத்திரங்கள் உருண்டு திரண்டபோது அவருடைய தட்டைத்தன்மையில் பெரும்பகுதி திரைக்கு வந்து சேரவில்லை. ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவில் பின்னணி வரையப்போகிறவர்கள் இருவர்தான். எந்தப் பாணியாக இருந்தாலும், அதை எழுதி வைக்கக்கூடிய சில விதிகளாக மாற்ற முடியாவிட்டால், நூறாவது பின்னணியில் அது வேறொரு படமாகிவிடும்.

கரித்துண்டு (கோப்பாய்):
கண்பார்வையின்மை பற்றி நீங்கள் சொன்னது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை, தங்கச்சி. அது சரியான கேள்வி. அதற்கான விடையும் அவதானிப்பிலிருந்தே வரும் என்று இப்போதும் நம்புகிறேன். பனையிலிருந்து தொடங்குவோம். வடலியின் (இளம்பனையின்) அடியில் மட்டைகளின் அடிப்பாகங்கள் குறுக்கும்மறுக்குமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். முதிர்ந்த பனையில் அவை உதிர்ந்து, கருத்த தண்டில் வளைய வடுக்கள் மட்டுமே எஞ்சும். கையால் தடவிப் பார்க்கும் ஒருவனுக்கு இரண்டும் இரு வேறு மரங்கள். வெட்டாமல் விட்ட காவோலை காற்றில் எழுப்பும் ஓசையும் பச்சையோலையின் ஓசையும் வேறு. வளைந்த தென்னையை வரைந்துவிட்டு அவனுடைய உலகம் ஓலை ஓசையால் ஆனது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

யாழைப் பற்றியும் இதையே சொல்வேன். உங்கள் ஓவியத்தில் உள்ள யாழுக்கு முன்பக்கத் தூண் இருக்கிறது. அது மேலைநாட்டு ஹார்ப்பின் உறுப்பு, நம்முடைய வில்யாழில் அப்படியொன்று கிடையாது. பொருநராற்றுப்படை யாழின் பத்தலை (ஒலிக்குடத்தை) மானின் குளம்பு பதிந்த சுவட்டுக்கும், அதைப் போர்த்திய தோலின் நிறத்தை விளக்கின் சுடருக்கும், நிமிர்ந்த தண்டான கோட்டைத் தலை தூக்கிய பாம்புக்கும் ஒப்பிடுகிறது. வடிவம், நிறம், நிற்கும் நிலை ஆகிய மூன்றையும் ஒரு வடிவமைப்பாளருக்குச் சொல்வதுபோலவே அந்தப் புலவர் சொல்லியிருக்கிறார். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) பக்கத்தில் இருக்கும்போது நாம் ஹார்ப்பை வரைவது எனக்கு வலிக்கிறது.

நீலமை (வட்டுக்கோட்டை):
யாழில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். குளம்புச் சுவடு என்ற சொல்லைப் படித்த உடனேயே பத்தலை மூன்று கோணங்களிலிருந்து வரைந்து பார்த்தேன். நடுப்பிளவு இருக்கும்போது, மடியில் வைத்தால் அது தானாகவே தொடையில் அமரும் வடிவம் வந்துவிட்டது.

பின்னணியில் மட்டும் என் நிலை மாறவில்லை. ‘த சீக்ரெட் ஒஃப் கெல்ஸ்’ (2009) படத்தை உருவாக்கிய அயர்லாந்துக் குழுவினர், காட்டை உள்ளபடி வரையாமல், தங்கள் பழைய கெல்ஸ் சுவடியின் பின்னற்கோடுகளையும் சுருள்களையும் கொண்டு கட்டினார்கள். பார்க்கும் எவரும் அது அயர்லாந்து என்று அறிவார்கள். நமக்கு அப்படி ஒரு பின்னல் வீட்டிலேயே இருக்கிறது. என் அம்மம்மா இழைத்த பனையோலைக் கடகத்தின் அடியை நேற்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: நான்கு மூலைகளிலும் ஓலைகள் சரிந்து மடிந்து மேலேறுகின்றன, நடுவில் மட்டும் சாயமிட்ட சிவப்பு ஓலை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோன்றி மறைகிறது. அவன் கேட்கும் காட்சிகளில் வானமும் வயலும் மணலும் இந்தச் சாய்ந்த பின்னலாலேயே ஆகட்டும். துலாமிதி அண்ணா கேட்ட விதியும் இதில் உண்டு: பின்னலின் அகலமும் சாய்வும் மாறாது, ஓசை உயரும்போது இடைவெளி மட்டும் விரியும்.

துலாமிதி (சாவகச்சேரி):
இது செய்யக்கூடியது. பின்னலை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பின்னணிக்கும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அரசவையைக் காட்டும் காட்சிகளுக்கு என்ன செய்வது?

கரித்துண்டு (கோப்பாய்):
அங்கேதான் என் மதிய வெயிலைக் கேட்கிறேன். கண்ணுள்ளவர்களின் காட்சிகள் வெளிச்சத்தால் வரையப்படட்டும், அவனுடையவை பின்னலால். இரண்டும் சந்திக்கும் இடமும் ஊரிலேயே இருக்கிறது: மாலையில் கிடுகு (பின்னிய தென்னோலை) வேலியின் பொத்தல்களுக்குள்ளால் வெயில் புகுந்து, ஒழுங்கை மணலில் பின்னலாகவே விழும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் வளவுக்கு வாருங்கள், வேலி இந்த ஆண்டு இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. மலையைப் பற்றி அங்கே நின்று பேசுவோம். எனக்கு அது இன்னும் உடன்பாடில்லை.