காங்கோவுக்குப் படை அனுப்பியபோது திரும்பி வரும் வழியை யாராவது யோசித்தார்களா?

குமரன் (சாட்ஸ்வர்த்):
2025 ஜனவரியில் கிழக்கு காங்கோவில் நம் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்தார்கள், கோமா நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது, மிச்சப்பட்டவர்கள் முகாமுக்குள்ளேயே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். முதலிலேயே ஒரு முடிவுத் தேதி வைத்திருந்தால் இப்படி மாட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சரிதானா?

வேலு (மாரிட்ஸ்பர்க்):
தம்பி, தேதியெல்லாம் இருந்தது. 2023 டிசம்பரில் ஒரு வருடக் கெடுவோடு போனார்கள், 2024 நவம்பரில் இன்னொரு வருடம் நீட்டினார்கள். எது நடந்தால் வேலை முடிந்தது என்று கணக்கு, அதை யாரும் சொல்லவில்லை. நம் நாட்டிலிருந்து 2,900 பேர் வரை, 200 கோடி ராண்டுக்கு மேல் செலவு என்று அறிவித்தார்கள், அத்தனை பேரும் போய்ச் சேரவே இல்லை. நம்பியிருந்ததோ கோமா விமான நிலையத்தை. அது கைவிட்டுப் போனதும் உள்ளே இருப்பவர்களை எப்படி வெளியே எடுப்பது? கடைசியில் 2025 ஏப்ரல் இறுதியில் ருவாண்டா வழியாகத்தான் சாலையில் தான்சானியா போனார்கள். எம்23க்குப் பின்னால் நிற்பதாக நாமே குற்றம் சொன்ன ருவாண்டா!

பீனிக்ஸ் அக்கா:
குமரா, தேதியை ஊரறியச் சொன்னால் எதிரி அதுவரை பொறுத்திருப்பான். 2020இல் தாலிபானோடு போட்ட தோஹா ஒப்பந்தத்தில் அமெரிக்கா ஆப்கானிஸ்தானைவிட்டுக் கிளம்பும் தேதியைச் சொன்னது, 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் தாலிபானிடம் விழுந்தது. அதற்காகக் கணக்கே இல்லாமல் போகவும் கூடாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு 2007 ஒப்பந்தப்படி பயிற்சி கொடுக்கத்தான் போனோம், 2013 மார்ச்சில் அதன் தலைநகர் பாங்கியில் செலெகா கிளர்ச்சிப் படையோடு சண்டை போட்டு 13 பேரைப் பறிகொடுத்தோம். நாம் துணைக்குப் போன அதிபர் பொசிசே நாட்டைவிட்டே ஓடிவிட்டார். அப்புறம் அங்கே நமக்கு என்ன வேலை?

குமரன் (சாட்ஸ்வர்த்):
அக்கா, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை கதையும் இதே மாதிரிதானே?

பீனிக்ஸ் அக்கா:
அது இன்னும் மோசம். 1987இல் ஆயுதங்களை வாங்கி வைக்கப் போனவர்கள், அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கிவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டவர் ஜெயவர்த்தனே, அடுத்து வந்த பிரேமதாசா 1989இல் வெளியே போ என்றார். ஆட்சி மாறினால் என்ன செய்வது என்று டெல்லி யோசித்து வைத்ததாகவே தெரியவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பும்போது சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள்.

வேலு (மாரிட்ஸ்பர்க்):
நம் அரசியல் சட்டம் 201ஆம் பிரிவைப் பாருங்கள். படை அனுப்பினால் காரணம், இடம், ஆள் எண்ணிக்கை, காலம் ஆகியவற்றை அதிபர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நிலை வந்தால் திரும்புவோம், எந்த வழியாக வருவோம் என்பதை அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. எம்.பி.க்கள் கேட்கலாம், யார் தடுத்தது?