8 வயது மகளுக்குக் காது ஜவ்வில் ஓட்டை: இப்போதே ஆபரேஷனா, காத்திருக்கலாமா?

தூறல் (கேள்வி)

மகளுக்கு 8 வயது. வலது காது ஜவ்வில் ஓட்டை. இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம், இரண்டு பதில் வந்தது. குழம்பிப்போய் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சளி பிடித்தால் நேரே காதுக்குப் போய்விடும். 3 வயதில் ஒரு ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதவள், விடிகிற நேரத்தில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தூங்கினாள். வலி விட்டது என்று நானும் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் தலையணையில் மஞ்சள் கறை. ஜவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்ததால்தான் வலி நின்றது என்று அப்புறம் சொன்னார்கள். அந்த ஓட்டை தானாக மூடிவிட்டது. ஆனால் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டே இருந்ததால், 5 வயதில் இரண்டு காதிலும் குரோமெட் என்கிற குட்டிக் குழாயை வைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் இரண்டும் தானாக விழுந்தன. இடது காது மூடிக்கொண்டது. வலது மூடவில்லை.

அதிலிருந்து இரண்டு வருடமாக, சளி பிடிக்கும்போதெல்லாம் அந்தக் காது ஒழுகுகிறது. சொட்டு மருந்து விட்டால் நிற்கிறது. "அம்மா, மருந்து தொண்டையில் கசக்குது" என்கிறாள். காது கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம் சோதனையில் வலது காதுக்கு 30 டெசிபல் குறைவு என்று வந்தது.

நான்கு மாதம் முன்பு பார்த்த டாக்டர் "புது ஜவ்வு வைத்துவிடலாம், வயது சரியாக இருக்கிறது" என்றார். போன வாரம் பார்த்தவர் "அவசரம் இல்லை, ஒரு வருடம் போகட்டும்" என்றார். இரண்டு பேருமே காது மூக்கு தொண்டை டாக்டர்கள்தான். யாரை நம்புவது? ஆபரேஷன் என்றால் தலையில் வெட்டுவார்களா, புது ஜவ்வை எங்கிருந்து எடுக்கிறார்கள், மயக்க மருந்து எவ்வளவு நேரம், ஒன்றும் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்ததும் வரிசையாக வருகிறது. மகளுக்கு ஒரே ஒரு கவலைதான்: நீச்சல்.

கடைசி_பெஞ்ச்

காத்திருங்கள். என் அக்கா பையனுக்கு விளையாடும்போது காதில் பந்து பட்டு ஜவ்வு கிழிந்தது. ஒன்றரை மாதத்தில் தானாக மூடிக்கொண்டது. டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். பிள்ளையை எதற்கு வீணாகப் படுக்க வைப்பது?

இரண்டு_தரம்

கடைசி பெஞ்ச் சொல்வது உண்மை, ஆனால் அது வேறு ஓட்டை. அடிபட்டுப் புதிதாகக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாக ஒட்டிக்கொள்ளும். தூறல் மகளுக்கு இருப்பது பழைய ஓட்டை. வெளித்தோலும் உள்தோலும் விளிம்பில் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொண்டிருக்கும். உடம்பின் கணக்கில் அங்கே புண்ணே இல்லை, பிறகு எதை ஆற்றும்? அதனால்தான் ஆபரேஷனில் முதல் வேலையாக அந்த விளிம்பைச் சுற்றி மெல்லிசாகச் செதுக்கிப் புதுப் புண்ணாக்குகிறார்கள். இதை எங்கள் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் மகனுக்கு இந்த ஆபரேஷன் 7 வயதில் ஒரு முறை, 9 வயதில் ஒரு முறை நடந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் வெட்டுவார்களா என்றால், மண்டை ஓட்டை யாரும் திறப்பதில்லை. காது மடல் தலையோடு சேரும் மடிப்பில், பின்பக்கமாக ஒரு கீறல். தையல் ஆறிய பிறகு மடலை மடித்துப் பார்த்தால்தான் தழும்பு தெரியும். சின்ன ஓட்டை என்றால் காதுத் துளை வழியாகவே செய்துவிடுவதும் உண்டு, இப்போது எண்டாஸ்கோப் வைத்தும் செய்கிறார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது, துளை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது.

புது ஜவ்வு வெளியிலிருந்து வருவதில்லை. உங்கள் பொட்டில் கை வைத்துக்கொண்டு மென்று பாருங்கள், ஒரு தசை அசையும். அதன் மேல் வெள்ளையாக ஓர் உறை இருக்கிறது. காதுக்கு மேலே அந்த உறையில் ஒரு துண்டை, அதே கீறல் வழியாக எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் காயவிட்டால் மெல்லிய தாள் மாதிரி ஆகிவிடுமாம். அதை ஓட்டைக்கு உள்பக்கமாகச் செருகி, அடியில் ஜெலட்டின் பஞ்சை முட்டுக் கொடுக்கிறார்கள். பஞ்சு பிறகு தானாகக் கரைந்துவிடும். வைத்த துண்டு வெறும் பந்தல்தான். கொடி குழந்தையின் உடம்பிலிருந்தே அதன் மேல் படர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், நம்மால் அவசரப்படுத்த முடியாது.

(தூக்கம் வராத ராத்திரிகளில் படித்தது: 1640இல் மார்கஸ் பான்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் தந்தக் குழாயின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கட்டி, ஜவ்வுக்குப் பதிலாகக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். இன்றைய ஆபரேஷனுக்கு அடித்தளம் போட்டதும் வுல்ஸ்டைன், ட்சோல்னர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள்தான், 1950களில். மனைவியிடம் சொன்னபோது "இது இப்போ ரொம்ப முக்கியமா?" என்றாள்.)

குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான். முழு ஜவ்வே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் கனம். மைக்ரோஸ்கோப்பில் அதைத் தைரியமாகத் தொட வேண்டுமென்றால் பிள்ளை இம்மியும் அசையக் கூடாது. என் மகன் உள்ளே போய் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. விழித்ததும் இரண்டு முறை வாந்தி எடுத்தான். தலையைச் சுற்றிக் கட்டு. "அப்பா, எல்லாரும் ஏன் பானைக்குள்ளே பேசுறீங்க?" என்று கேட்டான். காதுக்குள் திணித்திருக்கும் அடைப்பால் அப்படித்தான் இருக்கும். அதை எடுத்த பிறகும் பல வாரம் மந்தமாகவே கேட்கும். ஆபரேஷன் பண்ணியும் கேட்கவில்லையே என்று பதறாதீர்கள். நான் பதறினேன்.

அடுத்த நாளே வீடு. வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. வீட்டில் நிஜமான போராட்டம் மூக்குதான். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினால் அந்த அழுத்தம் நேரே போய்ப் புது ஜவ்வைத் தள்ளும். 7 வயதுப் பையனிடம் இதைச் சொன்னால் சரி என்பான், தும்மல் வரும்போது மறந்துவிடுவான். காதில் தண்ணீர் படவே கூடாது. தலைக்குக் குளிக்க வைக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு. வெறும் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிடும். விளையாட்டு, நீச்சல், விமானம் எல்லாம் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான். மடலின் மேல்பாகம் சில மாதம் மரத்துப்போயிருந்தது. நாக்கின் ஒரு பக்கம் ருசி மாறியிருக்கிறது என்றான், அதுவும் போனது. ருசிக்கான நரம்பு ஒன்று ஜவ்வுக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

இப்போது தோற்ற கதை. முதல் முறை வைத்த ஜவ்வு மூன்று மாதம் அருமையாக இருந்தது. நான்காவது மாதம் பெரிய சளி. காது ஒழுகியது. போய்ப் பார்த்தால் முன்பக்க ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. முன் ஓரத்தில் ஒட்டவைப்பது எப்போதுமே கொஞ்சம் கஷ்டம் என்றார் டாக்டர். குழந்தைகளில் பொதுவாக 100 பேரில் 80, 90 பேருக்கு ஜவ்வு ஒட்டிவிடுகிறது. மீதிப் பேரில் நாங்கள். என் மேலும் கோபம், அந்தச் சளியைக் கொண்டுவந்த அவன் சிநேகிதன் மேலும் கோபம். பாவம், அவனுக்கும் 7 வயது.

இரண்டு வருடம் காத்திருந்தோம். அதற்குள் சளி குறைந்தது. இந்த முறை காதின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு சின்னக் குருத்து, அதிலிருந்து குருத்தெலும்பை மெல்லிசாகச் சீவி வைத்தார்கள். விறைப்பாக இருப்பதால் உள்ளே இழுபடாது. கேட்கும் திறனும் அதனால் குறைவதில்லை. ஒரே குறை, அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று டாக்டரால் ஊடுருவிப் பார்க்க முடியாது. அந்த ஜவ்வு நிலைத்துவிட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு டாக்டரும் வேறு வேறு சொன்னதாலேயே ஒருவர் தப்பு என்று ஆகாது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. சின்ன வயதில் அது குட்டையாக, படுத்த வாக்கில் இருக்கும், சளி சுலபமாக ஏறிவிடும். அது சரியாக வேலை செய்யாத காதில் எவ்வளவு நல்ல ஜவ்வை வைத்தாலும் ஆபத்துதான். 7, 8 வயது வரை பொறுப்போம் என்று பலர் சொல்வது இதனால்தான். குழாயின் நிலையை நேரடியாகப் பார்ப்பது கஷ்டம். ஆனால் மறுபக்கத்துக் காது துப்பு கொடுக்கும். இரண்டு டாக்டரிடமும் "இடது காது எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். எனக்கு முதல் முறை இதைக் கேட்கத் தெரியவில்லை.

செவி_கணக்கு

நான் செவித்திறன் சோதனை செய்பவள், டாக்டர் இல்லை. இரண்டு_தரம் எழுதியதில் சேர்க்க வேண்டியவை சில.

ஆடியோகிராம் தாளில் இரண்டு கோடு இருக்கும். ஒன்று காற்று வழியாகக் கேட்பது, மற்றது எலும்பு வழியாக. எலும்புக் கோடு சரியாக இருந்து காற்றுக் கோடு மட்டும் இறங்கியிருந்தால் உள்காதும் நரம்பும் நலம், தடை ஜவ்வுப் பக்கம்தான். 30 டெசிபல் ஓட்டைக்குப் பொருந்துகிற எண்தான். இரண்டு கோட்டுக்கும் இடைவெளி 40ஐத் தாண்டினால் பின்னாலிருக்கும் குட்டி எலும்புகளும் பழுதாகியிருக்குமோ என்று சந்தேகப்படுவோம்.

வகுப்பில் அவளை வலது கோடியில் உட்காரச் சொல்லுங்கள். நல்ல இடது காது வகுப்பின் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு காது மந்தமானால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது குழம்பும், சாலையைக் கடக்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

மருந்து தொண்டையில் கசக்கிறது என்கிறாளே, ஓட்டை வழியாக நடுக்காதுக்குப் போய்க் குழாய் வழியே இறங்குகிறது என்று அர்த்தம். அதனால் வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலை எடுத்து விடாதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் வகைச் சொட்டுகள் உள்காதைக் கெடுக்கக்கூடியவை. ஓட்டையுள்ள காதுக்குப் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எழுதிக்கொடுப்பது அதனால்தான். எண்ணெயும் வேண்டாம்.

ஒழுகுவது நாற்றமடித்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ காத்திருக்கும் பேச்சே கிடையாது. உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமாவாக இருக்கலாம். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது, தலைசுற்றல், காய்ச்சலோடு கடுமையான தலைவலி என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

தூறல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு டாக்டரின் சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் சீட்டில் இடது காதுக்கு நேரே "இயல்பு" என்று இருக்கிறது. போன வாரச் சீட்டில் இடது காது ஜவ்வுக்குப் பின்னால் நீர். போன வாரம் அவளுக்கு நல்ல சளி! நான்தான் இதைக் கவனிக்கவே இல்லை. இன்று இரண்டாவது டாக்டருக்கு போன் செய்தேன். சளி விட்டு ஆறு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள், நீர் வற்றியிருந்தால் நானே செய்துவிடுகிறேன், வற்றாவிட்டால் அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பார்க்க வேண்டும் என்றார். எலும்புக் கோடு நன்றாக இருக்கிறது. நாற்றம் எதுவும் இல்லை.

ஒரு கேள்வி பாக்கி. உங்கள் மகன் நீந்துகிறானா?

இரண்டு_தரம்

ஆறு மாதம் கழித்து விட்டார்கள். நீந்துகிறான், குதித்து ஆழத்துக்குப் போக மட்டும் இன்னும் நான் விடுவதில்லை. டாக்டர் விடலாம் என்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை.

அந்த ஆறு வாரம் இருக்கிறதே, அதில் தும்மலைப் பழக்கிவிடுங்கள். இரண்டாவது முறைக்கு முன்னால் நாங்கள் வீட்டில் பந்தயமே வைத்தோம்: வாயை மூடிக்கொண்டு தும்முகிறவர் மற்றவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நான் பதினொரு கதை சொன்னேன், அவன் இரண்டு.

அப்புறம், கட்டு பிரித்து மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தான். மறுபடி ஒரு கோடு இழுத்தான். "இது எழுதும்போது சத்தம் போடுமா?" என்று கேட்டான்.