ஒன்பது மாதக் குழந்தைக்குச் சளி: தேன் கொடுக்கலாமா, கற்பூர எண்ணெய் தேய்க்கலாமா?

மதுரைக்காரி:
மழை ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆள் இருமல். பெரியவளுக்கு ஐந்து வயது, ராத்திரியில்தான் வறட்டு இருமல் அதிகம். சின்னவனுக்கு ஒன்பது மாதம், மூக்கடைத்துப் பால் குடிக்கவே சிணுங்குகிறான். மாமியார் துளசிச் சாற்றில் தேன் குழைத்து இரண்டு பேர் நாக்கிலும் தடவச் சொல்கிறார், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கவும் தயாராக இருக்கிறார். கடைத் தேன் இல்லையாம், கொல்லிமலையிலிருந்து வந்த சுத்தமான தேனாம், ஒன்றும் செய்யாதாம். அவர் மனசு நோகாமல் எதைச் செய்வது, எதை விடுவது? அவருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது, நாள் முழுக்க அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே இருக்கிறார்.

சுக்குமல்லி:
பெரியவர்களுக்கு என் பேரிலேயே மருந்து இருக்கிறது! சுக்கு ஒரு பங்கு என்றால் மல்லி இரண்டு பங்கு, கொஞ்சம் மிளகு, வாசனைக்கு ஏலக்காய். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள், அதனால் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வெறும் வாணலியில் லேசாக வறுத்து இடியுங்கள். தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதித்ததும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அது கரைந்த பிறகுதான் வடிகட்ட வேண்டும், முதலிலேயே வடிகட்டினால் கருப்பட்டியில் இருக்கும் மண் எல்லாம் டம்ளர் அடியில் வந்து நிற்கும். பெரியவளுக்குப் பாலில் மஞ்சளும் மிளகுத்தூளும் ஒரு சிட்டிகை போதும். மஞ்சளை விரலியாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள், உதிரித் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது.

ஊசிக்காரி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை எனக்கு. சின்னவனுக்குத் தேன் வேண்டவே வேண்டாம் மா, ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டு கூட. தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தை குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகைச் சத்தம் குறையும், கழுத்து துவளும். மலைத்தேன் என்றாலும் இதேதான், அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

கற்பூரமும் வேண்டாம். தோல் வழியாகவே உள்ளே போய்ச் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துக்கடையில் உப்புத்தண்ணீர் மூக்குச் சொட்டு கிடைக்கும், பால் கொடுக்கும் முன் விட்டால் மூக்கு திறந்துகொள்ளும். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

பெரியவளுக்குத் தேன் தாராளமாகக் கொடுக்கலாம், படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி, ராத்திரி இருமல் அடங்கும்.

பழையசோறு:
சும்மா பயமுறுத்தாதீர்கள். பிறந்த அன்றே சேனை தொட்டு வைத்து, தேன் நக்கி வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாம். யாருக்கு என்ன ஆயிற்று?

ஊசிக்காரி:
@பழையசோறு அபூர்வமாக வரும் நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாட்டிலில் வித்து இருக்கிறது என்று பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது, வந்துவிட்டால் குழந்தையை வென்டிலேட்டரில் போட வேண்டி வரலாம். சளியோ தேன் இல்லாமலே சரியாகும். அப்புறம் எதற்கு?

@மதுரைக்காரி மாமியார் மனசு நோகக்கூடாது என்றால் தேன் பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்து, பெரியவளுக்கு ராத்திரி கொடுக்கும் பொறுப்பை விட்டுவிடுங்கள். சின்னவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

மதுரைக்காரி:
எண்ணிப் பார்த்தேன் அக்கா, 38தான் வருகிறது. சொட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மாமியார் கற்பூரத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டார், முகம் மட்டும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது.

சுக்குமல்லி:
அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதிமதுரம் நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தையும் குறைக்கும். அப்படியானால் அதை விட்டுவிட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.