கத்தியில் இருக்கிற குத்தூசியால் தைப்பது எப்படி?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. துபாயில் இருக்கும் மச்சான் போன ஆடிக்கு வந்தபோது ஒரு சுவிஸ் மடக்குக் கத்தி கொடுத்தார். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தோட்டம். இலை அறுக்க அரிவாள் இருக்கிறது, இதற்கு வேறு வேலைகள். டப்பா திறக்கும் அலகின் சின்ன முனை ஸ்டார் ஸ்குரூவுக்கும் பொருந்துகிறது, மோட்டார் பெட்டி மூடியை அதில்தான் கழற்றுகிறேன் (ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான்!). கொக்கி எதற்கென்று ஒரு மாதம் விழித்தேன். சணல் கட்டிய பார்சலை விரல் அறுபடாமல் தூக்கவாம், 1991இல் சேர்த்தார்களாம்.

சிக்கல் குத்தூசியில். அதன் நடுவே ஒரு துளை, நூல் கோக்க. உரச்சாக்கின் வாரைத் தைக்கலாம் என்று நைலான் நூலைக் கோத்துக் குத்தினேன். உள்ளே போகிறது, சரி. வெளியே இழுத்தால் நூலும் கூடவே வந்துவிடுகிறது! கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மறுபக்கம் விழும் வளையத்துக்குள் இன்னொரு முனையை நுழைக்க வேண்டும் என்கிறார் செருப்பு தைக்கிற தாத்தா. எனக்கு வளையமே விழவில்லை. அவருடைய ஊசியில் கொக்கி முனை, இதில் வெறும் துளை. மெழுகு தடவிய பருத்தி நூல் என்றால் விழுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வாழைக்கறை பட்டு மடிப்பு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், தப்பு. மார்கழிக் குளிரில் உறைந்து இன்னும் மோசம். வெந்நீரில் கழுவிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாமா? பழமும் இதில்தான் நறுக்குகிறேன், அதனால் கேட்கிறேன்.