ஆர்740: ப்ரொக்ஸ்மொக்ஸ் போட முன்னம் பேர்ம்வெயார் ஏத்துற வரிசை என்ன? பழசுக்குத் திரும்பலாமா?

கேள்வி – அலையோரம்
வெள்ளவத்தையில் ஓர் அலுவலகத்துக்குப் பாவித்த டெல் பவர்எட்ஜ் ஆர்740 சேர்வர் எடுத்திருக்கிறோம். பெர்க் எச்740பி (டிஸ்க்குகளை ஆளும் ரெய்ட் கார்ட்), எட்டு டிஸ்க். ப்ரொக்ஸ்மொக்ஸை (ஒரே சேர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் ஓஎஸ்) இசட்எஃப்எஸ்ஸோட (டிஸ்க்குகளைத் தானே நேரடியாக நிர்வகிக்கும் கோப்பு முறைமை) போடவேணும். ஐடிராக்கின் (சேர்வரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் தனிச் சிப்) பேர்ம்வெயார் (வன்பொருளுக்குள் இருக்கும் மென்பொருள்) இன்னும் 3ஆம் பதிப்பு வரிசையில் நிக்குது, பயோஸும் (சேர்வரைத் தொடக்கும் மென்பொருள்) பழசு. நேரே கடைசிப் பதிப்புக்குப் போகலாமா? ஒத்துவராட்டி திரும்ப வழி இருக்கா?

பதில் – இரும்புப்பெட்டி
முதல் ஐடிராக், பிறகு பயோஸ், பிறகு பெர்க், நெட்வேர்க் கார்ட், கடைசியா டிஸ்க். ஐடிராக்கை 3இலிருந்து ஒரே பாய்ச்சலில் 7க்குக் கொண்டுபோகாதீங்க, இடையில் பிழை வரலாம். எந்த இடைப்பதிப்பில் நின்று ஏறவேணும் என்பது அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும்.

ஏழு எழுத்துச் சேர்விஸ் டேக்கை (சேர்வரின் அடையாளக் குறி) டெல் தளத்தில் போட்டு, விண்டோஸுக்கான .இஎக்ஸ்இ கோப்பை இறக்குங்க. ஓஎஸ் இல்லாட்டியும் ஐடிராக் வெப் பக்கத்தில் ‘மெயின்டெனன்ஸ்’ பகுதியின் ‘சிஸ்டம் அப்டேட்’ அதையே ஏற்கும். ஐடிராக் ஏறினால் பக்கம் சில நிமிடம் விழும். சேர்வரை ரீபூட் செய்யத் தேவையில்லை. பயோஸ் அப்படியில்லை, ‘ஜொப் கியூ’வில் (வேலை வரிசை) காத்திருந்து ரீபூட்டில்தான் ஏறும். அந்த நேரம் திரை கறுப்பாக நிக்கலாம், பவர் பட்டனில் கை வைக்கவேண்டாம். இரண்டு பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். பயோஸ் எழுதப்படும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம்.

இதை ஓஎஸ்ஸுக்கு முன்னம் செய்ய இன்னொரு வலுவான காரணம்: பயோஸோ கார்ட் பேர்ம்வெயாரோ மாறினால் லினக்ஸில் நெட்வேர்க் போர்ட்டின் பெயர் மாறக்கூடும். ப்ரொக்ஸ்மொக்ஸின் பிரிட்ஜ் (மெய்நிகர் கணினிகளை நெட்வேர்க்கோடு இணைக்கும் அமைப்பு) பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிக்கும், வெப் பக்கம் திறக்காது.

பதில் – கம்பிக்கட்டு
திரும்புறதைப் பற்றி. அதே ‘சிஸ்டம் அப்டேட்’ பக்கத்தில் ‘ரோல்பேக்’ டேப் இருக்கு. பயோஸ், ஐடிராக், நெட்வேர்க் கார்ட், பெர்க், பவர் சப்ளை, பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை) எல்லாம் திரும்பும். சிபிஎல்டி (போர்டின் அடிப்படைத் தர்க்கத்தைப் பார்க்கும் சிப்) திரும்பாது, அதனால் தேவையில்லாமல் தொடவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு முந்தைய பதிப்புத்தான் வைத்திருக்கும். இடைப்பதிப்பில் ஏறி இறுதிக்குப் போனால், ரோல்பேக் இடைப்பதிப்புக்குத்தான் விடும். ஆரம்பத்தில் இருந்தது போய்விடும். ஆகவே இப்போதைய பதிப்பெண்களை எழுதி, அதே பழைய .இஎக்ஸ்இகளை ‘பழைய பதிப்புகள்’ பட்டியலிலிருந்து இறக்கி யூஎஸ்பியில் வையுங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏத்துங்க. ஐந்தையும் சேர்த்தால் எது பிழை என்று பிரிக்கமுடியாது.

அலையோரம்
நன்றி அண்ணா. ரோல்பேக் டேப்பில் ஒன்றுமே காட்டல்ல.

கம்பிக்கட்டு
விற்க முன்னம் லைஃப்சைக்கிள் தரவை (ஐடிராக்கோடு சேர்வருக்குள் சேமித்திருக்கும் நிர்வாகத் தரவு) அழித்திருப்பாங்க தம்பி, பழைய பிரதிகளும் அதோட போகும். யூஎஸ்பிப் பிரதிதான் இனி வழி.

இரும்புப்பெட்டி
இசட்எஃப்எஸ் என்றால் பெர்க்கை எச்பிஏ மோடுக்கு (கார்ட் ரெய்ட் செய்யாமல் டிஸ்க்குகளை நேரே ஓஎஸ்ஸுக்குக் காட்டும் நிலை) மாத்தவேணும். அதுக்கு இருக்கிற வேர்ச்சுவல் டிஸ்க்குகளை (பெர்க் டிஸ்க்குகளைச் சேர்த்து ஆக்கியவை) அழிக்கவேண்டி வரும், ஓஎஸ் போட்டபிறகு இந்த வேலைக்கு இடமில்லை. அந்தத் தெரிவு தென்படாட்டி முதல் பெர்க் பேர்ம்வெயாரை ஏத்திப் பாருங்க.