சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரைக்குப் பின் அம்மாவுக்கு மனக்குழப்பம்: அனுபவமுள்ளோர் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். சிறுநீர்த்தொற்றுக்காகச் சிப்ரோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொள்ளத் தொடங்கிய என் தாயார், இரவில் உறங்காமல் எழுந்து, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டின் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதும், பேத்தியின் பெயர் நினைவுக்கு வராமல் திகைப்பதுமாக இருந்தார். வயதாகிவிட்டது என்கிறார்கள் உறவினர்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வகை மருந்துகள் பதற்றம், நினைவுத் தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் வலுப்படுத்தியது. முதியவர்களுக்குத் தொற்றேகூட இத்தகைய குழப்பத்தைத் தரும் என்பதையும் மறுக்கவில்லை. பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகு பதற்றம் தணிந்திருக்கிறது, உறக்கம்தான் இன்னும் சீராகவில்லை. பெற்றோருக்கு இப்படி நேர்ந்தவர்கள், தெளிவு திரும்ப எவ்வளவு காலம் ஆயிற்று, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.