புதுப்பிப்பு: இசைத் தியரி படித்த பிறகு என் ட்ரம்பெட் சோலோ

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: ஸ்கேல் (சுர வரிசை) எல்லாம் விரலில் இருக்கிறது, ஆனால் ஜாஸ் சோலோ, பின்னணியில் போகும் கார்டோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஒட்டவே இல்லை, தியரி படித்தால் சரியாகுமா என்று. சரியாகிறது!

புதிய ஸ்கேல் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு கார்டிலும், அதன் பெயரில் உள்ள சுரத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று கார்டுகள் போகும்போது முதல் கார்டின் ஏழாவதான சி, அரைப்படி (மிகச் சிறிய சுர இடைவெளி) இறங்கி பி ஆகிறது. அதுதான் ஜி 7-இன் மூன்றாவது. வால்வு எதுவும் அழுத்தாமல் வாசித்த நடு சி, இரண்டாம் வால்வைத் தொட்டதும் பி! முதல் கார்டின் மூன்றாவதான எஃப், ஜி 7-இல் ஏழாவதாக அப்படியே நின்று, அடுத்த கார்டான சி மேஜர் 7-இல் ஈ-க்கு இறங்குகிறது. இதை நீட்டி வாசித்தபோது, பின்னணி இசை இல்லாமலே கார்ட் மாறுவது காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒன்று கவனியுங்கள். நம்முடையது பி ஃப்ளாட் ட்ரம்பெட், அதாவது நாம் சி என்று வாசிப்பது பியானோவின் பி ஃப்ளாட்டாக ஒலிக்கும், அதனால் பியானோக்காரருக்கு இதே கார்டுகள் சி மைனர் 7, எஃப் 7, பி ஃப்ளாட் மேஜர் 7. முதல் வாரம் முழுக்க இதில்தான் குழம்பினேன்.

“முதலில் பாடு, அப்புறம் வாசி” என்று அன்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. வேகம் இன்னும் நிமிடத்துக்கு 90 தாளத் தட்டைத் தாண்டவில்லை. அடுத்து இதையே 12 பார் ப்ளூஸில் (12 தாளக் கட்டங்கள் கொண்ட கார்ட் வரிசை) வாசித்துப் பார்க்கப் போகிறேன்.